குழந்தைகளின் மலச்சிக்கல்: தீர்வு நம் வயலிலும் அடுப்படியிலும்

கறவை மாட்டின் சாணம் வழக்கத்திற்கு மாறாக இறுகி விழுந்தால், உழவர் எவரும் முதலில் மருந்துக் கடைக்கு ஓடுவதில்லை. பசுந்தீவனம் குறைந்துவிட்டதா, வெறும் வைக்கோல் மட்டும் போடப்பட்டதா, தொட்டியில் தண்ணீர் இருந்ததா என்றுதான் பார்ப்பர். ஆனால் அதே வீட்டில் மூன்று வயதுக் குழந்தை நான்கு நாட்களாக மலம் கழிக்காமல் அழுதால், பேதி மருந்தும் விளக்கெண்ணெயுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. குழந்தை என்ன உண்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்ற கேள்வி பிறகுதான் எழுகிறது. பல வீடுகளில் அது எழுவதே இல்லை.

சிறு குழந்தைகளிடம் மலச்சிக்கல் பரவலாகக் காணப்படும் தொல்லையாகும். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடலில் நோய் எதுவும் இருப்பதில்லை. உணவு, தண்ணீர், பழக்கம் ஆகிய மூன்றில் ஏற்படும் குறையே காரணமாக அமைகிறது. இக்குறையைப் போக்கும் பொருட்களில் பெரும்பகுதி நம் நிலத்திலேயே விளைகின்றன. அவற்றைச் சந்தைக்கு ஏற்றிவிட்டு, குழந்தைக்கு ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்கித் தருகிறோம். இது பற்றி உழவர் பெருமக்களும் தாய்மார்களும் அறிய வேண்டியவற்றை இங்கே காண்போம்.

எது மலச்சிக்கல்?

ஒரு நாள் மலம் கழிக்காவிட்டால் உடனே மலச்சிக்கல் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சென்றாலும், மலம் மிருதுவாகவும் வலியின்றியும் வெளியேறினால் அது இயல்பே. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் சில, பிறந்து முதல் சில வாரங்கள் கழிந்தபின், ஒரு வாரம் வரை கூட மலம் கழிக்காமல் இருப்பதுண்டு. குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, மலமும் இளகலாக இருந்தால் எந்த மருந்தும் தேவையில்லை.

மலம் ஆட்டுப் புழுக்கை போல் உருண்டையாகவோ, மிகப் பருத்தும் இறுகியும் இருந்தோ வெளியேறினால் அது மலச்சிக்கல். வாரத்திற்கு இரண்டு முறை அல்லது அதற்கும் குறைவாகக் கழித்தல், கழிக்கும்போது வலியால் அழுதல், மலத்தை வேண்டுமென்றே அடக்குதல் ஆகியவையும் இதன் அறிகுறிகளே. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதோடு, எப்படிப்பட்ட மலம் என்பதையும் கவனித்தல் அவசியம்.

தொல்லை வளரும் விதம்

சில காலத்திற்கு முன் கேழ்வரகில் களை நிர்வாகம் குறித்துப் பார்ப்பதற்காகக் கொங்குப் பகுதியில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். வயலைப் பார்த்துவிட்டுச் சாளைக்குத் திரும்பியபோது, மாட்டுக் கட்டுத்தறிக்குப் பின்னால் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னி, குதிகாலைத் தூக்கி நின்றது. முகம் சிவந்து வியர்த்திருந்தது. "நாலு நாளா வெளிக்கே போகலீங்க சார். இப்ப முக்கிப் பாக்குது, வரமாட்டேங்குதுங்க" என்றார் தகப்பனார். குழந்தையின் அப்பத்தா வெற்றிலைக் காம்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

உண்மையில் அக்குழந்தை முக்கவில்லை, மலத்தை அடக்கிக்கொண்டிருந்தது. காலைப் பின்னுவதும், நுனிக்காலில் நிற்பதும், மூலையில் ஒளிவதும் அடக்குவதற்கான செயல்களே. முன்பு ஒரு முறை இறுகிய மலம் வெளியேறியபோது வலித்திருக்கும். அந்த வலிக்கு அஞ்சி, அடுத்த முறை உணர்வு வந்ததும் குழந்தை அடக்கிக்கொள்கிறது. பெருங்குடலின் வேலைகளில் ஒன்று, மலத்திலுள்ள நீரை உறிஞ்சுவதாகும். மலம் எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறதோ அவ்வளவு நீர் உறிஞ்சப்பட்டு அது மேலும் இறுகும். இறுகிய மலம் மறுபடியும் வலியைத் தரும். வலி மறுபடியும் அடக்கச் செய்யும். இந்தச் சுழல் அறுபடாவிட்டால் தொல்லை மாதக் கணக்கில் நீடிக்கும்.

அந்த வீட்டில் குழந்தையின் உணவை விசாரித்தேன். சொந்த மாடு இருந்ததால் நாளைக்கு நான்கு பெரிய டம்ளர் பால். காலையில் பாலில் நனைத்த பிஸ்கட், மதியம் தயிர் சோறு, இரவு மீண்டும் பால் சோறு. தண்ணீர் கேட்டால் மட்டும் தருவார்கள். வரப்பில் கொய்யா காய்த்துக் குலுங்கியது. அது வாரச் சந்தைக்கு. வயலில் கேழ்வரகு நின்றது, அது வியாபாரிக்கு. "இந்தத் தீவனத்தைக் கன்றுக்குப் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கட்டிக்கும்ங்க" என்றார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லும்படி கூறினேன். மருத்துவர் மலத்தை இளக்கும் மருந்து கொடுத்து, உணவையும் மாற்றச் சொன்னார். இரண்டு மாதங்கள் கழித்து நான் மீண்டும் சென்றபோது, கட்டுத்தறிப் பக்கம் குழந்தை ஒளியவில்லை.

கசிவைப் பேதி என்று எண்ண வேண்டாம்

நாட்பட்ட மலச்சிக்கலில், இறுகிய மலக் கட்டி குடலின் கடைசிப் பகுதியை அடைத்துக்கொள்ளும். அதன் ஓரமாக நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையை அழுக்காக்கும். குழந்தைக்கு இது தெரிவதில்லை. அதனால் கட்டுப்படுத்தவும் இயலாது. பெற்றோர் இதனைப் பேதி என்று எண்ணி, பழத்தையும் கீரையையும் நிறுத்திவிடுவதுண்டு. சோம்பல் என்று எண்ணிக் குழந்தையை அடிப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. மலம் பல நாட்கள் சரியாக வெளியேறாத குழந்தைக்கு இவ்வாறு கசிவு இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாய்க்காலில் அடைப்பு இருக்கும்போது மடையை அகலத் திறந்தால் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராது. முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். அதைப் போலவே, கட்டிப்பட்ட மலத்தை மருத்துவர் மேற்பார்வையில் வெளியேற்றிய பிறகே உணவு மாற்றம் முழுப் பலனைத் தரும்.

நார்ச்சத்தின் பணி

தானியத்தின் மேல்தோல், பயறு, கீரை, காய், பழம் ஆகியவற்றில் செரிக்காத ஒரு பகுதி உண்டு. அதுவே நார்ச்சத்து. அது குடலில் நீரைப் பிடித்து வைத்து, மலத்திற்குப் பருமனையும் மென்மையையும் தருகிறது. மணற்பாங்கான நிலத்தில் இடப்படும் தொழு உரம் ஈரத்தைப் பிடித்து வைப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இரண்டு வயதிற்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நார்ச்சத்து தேவை என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. குழந்தையின் வயதுடன் 5 கூட்டினால் வருவது குறைந்த அளவு கிராம். 10 கூட்டினால் வருவது மேல் வரம்பு. மூன்று வயதுக் குழந்தைக்கு 8 முதல் 13 கிராம் போதுமானது.

ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவுப் பொருள் சத்து அட்டவணையின்படி, சமைக்காத பொருள் 100 கிராமில் உள்ள நார்ச்சத்து ஏறத்தாழப் பின்வருமாறு:

தீட்டிய அரிசி – 2.8 கிராம்
சோளம் – 10.2 கிராம்
கேழ்வரகு – 11.2 கிராம்
முழுக் கோதுமை மாவு – 11.4 கிராம்
கம்பு – 11.5 கிராம்
துவரம் பருப்பு – 9 கிராம்
முழுப் பச்சைப்பயறு – 17 கிராம்
தண்டுக்கீரை – 4.4 கிராம்
முருங்கைக்கீரை – 8.2 கிராம்
பப்பாளிப் பழம் – 2.8 கிராம்
கொய்யாப் பழம் – 8.6 கிராம்

கேழ்வரகிலும் கம்பிலும் தீட்டிய அரிசியைப் போல் நான்கு மடங்கு நார்ச்சத்து உள்ளது. பாலில் நார்ச்சத்து அறவே இல்லை. மைதாவினால் செய்த பிஸ்கட், ரொட்டி, பரோட்டா ஆகியவற்றிலும் மிகக் குறைவு.

மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் உணவு

காலை: 30 கிராம் கேழ்வரகு மாவில் கூழ் அல்லது தோசை (நார்ச்சத்து 3.4 கிராம்).

மதியம்: 50 கிராம் அரிசிச் சோறு (1.4 கிராம்), 15 கிராம் துவரம் பருப்பு (1.4 கிராம்), 30 கிராம் தண்டுக்கீரைக் கடைசல் (1.3 கிராம்). சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய் சேர்க்கலாம்.

மாலை: ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம் முழுப் பச்சைப்பயற்றை வேக வைத்து மசித்துச் சிறிது வெல்லம் சேர்த்துக் கொடுக்கலாம் (2.6 கிராம்). அதனுடன் 50 கிராம் பப்பாளிப் பழம் (1.4 கிராம்).

இரவு: இட்லி, சாம்பார், ஒரு சிறு டம்ளர் பால்.

இரவு உணவைச் சேர்க்காமலே 11 கிராமுக்கு மேல் கிடைத்துவிடுகிறது. இதற்கெனக் கடையில் விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. இந்த அளவுகள் ஒரு வழிகாட்டியே. குழந்தை உண்ணும் அளவை ஒட்டிக் கூட்டிக் குறைத்துக் கொள்ளலாம்.

பயறும் கீரையும் பழக்கமில்லாத குழந்தைக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் புகுத்தினால் வயிறு உப்புசம் காணும். இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கணக்கிற்கு மேல் நார்ச்சத்தைத் திணிப்பதாலும் கூடுதல் நன்மை இல்லை. மருந்துக் கடையில் விற்கும் நார்ப் பொடிகளை நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

பழங்களைக் கொடுக்கும் முறை

வாழைப்பழம் நன்கு கனிந்ததாக இருத்தல் வேண்டும். செங்காயாக உள்ள பழத்தில் செரிக்காத மாவுப் பொருளும் துவர்ப்பும் மிகுதி. அது மலத்தை இறுக்கவும் கூடும். கொய்யாவைக் கனிந்ததாகத் தேர்ந்து, சிறு குழந்தைகளுக்கு விதைப் பகுதியை நீக்கி, சதையை மசித்துத் தர வேண்டும். ஐந்தாறு உலர் திராட்சையை இரவில் காய்ச்சி ஆறிய நீரில் ஊற வைத்து, காலையில் பிசைந்து நீருடன் கொடுப்பது நல்ல பழக்கம். முழுத் திராட்சை, முழுக் கடலை, கடினமான பழத்துண்டு ஆகியவை தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடியவை. நான்கு வயது வரை கொடுத்தல் ஆகாது. பழத்தைப் பிழிந்து வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடும். ஆகவே பழமாகவே கொடுப்பது நலம்.

தண்ணீரும் பாலும்

தண்ணீர் இல்லாத நிலத்தில் இட்ட உரம் பயிருக்குப் பயன்படாது. தண்ணீர் குறைந்த குழந்தைக்கு நார்ச்சத்தும் அவ்வாறே. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்குப் பால், தண்ணீர், மோர் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தேவை. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு ஒன்றேகால் லிட்டர் வரை ஆகும். கோடையில் இன்னும் கூடும். குழந்தை விளையாட்டில் மூழ்கித் தாகத்தை மறந்துவிடும். எழுந்தவுடன், ஒவ்வொரு உணவுக்குப் பின், விளையாடித் திரும்பியபின் என நேரம் வைத்து, காய்ச்சி ஆறிய நீரைத் தர வேண்டும்.

பால் நல்ல உணவுதான். ஆனால் ஒரு வயதிற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு அரை லிட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். மிகுந்தால் வயிறு நிறைந்து மற்ற உணவுகளைக் குழந்தை ஒதுக்கிவிடும். இரத்த சோகைக்கும் அது வழி வகுக்கும். சில குழந்தைகளுக்குப் பசும்பாலே ஒவ்வாமல் மலச்சிக்கலை உண்டாக்குவதுண்டு. ஆனால் அதனை உறுதி செய்து பாலை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

கைக்குழந்தைகளுக்கு

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலுடன் மசித்த உணவைத் தொடங்க வேண்டும். பருப்பு சாதம், கடைந்த கீரை, கனிந்த பப்பாளி, வாழைப்பழம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பழக்கலாம். கேழ்வரகை முளை கட்டி, உலர்த்தி, மையாக அரைத்துக் கெட்டியான கஞ்சியாகத் தரலாம். தொடக்கத்தில் துணியில் வடித்துக் கொடுத்தாலும், எட்டு மாதம் ஆனபின் வடிக்காமல் கொடுக்கப் பழக்க வேண்டும். உணவு தொடங்கிய பின் இடையிடையே சில மடக்குத் தண்ணீரும் தேவை. ஒரு வயது முடியும் முன் பசும்பாலை முக்கிய உணவாக்குதல் கூடாது. தேனையும் ஒரு வயது வரை நாக்கில் கூடத் தடவக் கூடாது. அதிலிருக்கக் கூடிய ஒருவகை நுண்ணுயிர் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயைத் தர வல்லது; அந்நோயின் முதல் அறிகுறி பல வேளைகளில் மலச்சிக்கலே.

பழக்கமும் பொறுமையும்

உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். இது இயற்கையின் ஏற்பாடு. ஆகவே காலை உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் குழந்தையை அமர வைக்க வேண்டும். குந்தி அமர்வது நல்ல நிலை. உயரமான கழிப்பிடமானால் கால் தொங்காதபடி ஒரு பலகை வைக்கலாம். மலம் வராவிட்டாலும் அதட்டக் கூடாது. அமர்ந்ததற்காகவே பாராட்ட வேண்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கழிப்பிடத்திற்கு அஞ்சி அடக்கும் குழந்தைகள் உண்டு. ஆசிரியரிடம் சொல்லி வைப்பது நல்லது.

செய்யத் தகாதவை

விளக்கெண்ணெயைக் குழந்தையின் வாயிலோ மூக்கிலோ ஊற்றுதல் ஆபத்தானது. திமிறி அழும் குழந்தையின் நுரையீரலுக்குள் எண்ணெய் புகுந்தால் கடுமையான நுரையீரல் அழற்சி உண்டாகும். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு ஆகியவற்றை ஆசனவாயில் வைத்தால் புண்ணும் எரிச்சலும் ஏற்பட்டு, குழந்தையின் அச்சம் கூடும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதி மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவாரை, மலமிளக்கி மருந்துக்காக வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகும் பயிர். நம் மண்ணில் விளைவது என்பதால் அந்த இலையை அளவறியாமல் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுத்தல் ஆகாது. பூச்சி மருந்தைப் போலவே, மலமிளக்கியும் உரிய அளவில், உரியவர் சொல்லிக் கொடுக்க வேண்டியதாகும்.

மருத்துவர் மலம் இளக்கும் மருந்து கொடுத்தால், இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. விரிந்துபோன குடல் பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள் ஆகும். அவர் சொல்லும் காலம் வரை உணவும் மருந்தும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

பிறந்து 48 மணி நேரத்திற்குள் முதல் மலம் வெளியேறாமை, பிறந்த முதல் மாதத்திலேயே தொடங்கிய மலச்சிக்கல், வயிறு வீங்குதல், பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், காய்ச்சல், எடை கூடாமை, கால்கள் பலவீனமாதல். இவற்றில் ஏதேனும் ஒன்று காணப்பட்டாலும் உணவு மாற்றிப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரம் உணவைச் சீர்செய்தும் குணம் தெரியாவிட்டாலும் மருத்துவரை அணுக வேண்டும்.

குழந்தைக்கென ஒரு சிறு தோட்டம்

கிணற்றடியிலோ வீட்டுப் புறக்கடையிலோ ஒரு சென்ட் நிலம் போதும். அதில் பெரியகுளம் 1 செடிமுருங்கை இரண்டும், பப்பாளி இரண்டும், கொய்யா ஒன்றும் நடலாம். பப்பாளியில் கோ.3, கோ.7 போன்ற இரகங்களில் பெண் செடிகளும் இருபால் பூச்செடிகளும் மட்டுமே வருவதால், ஆண் மரத்திற்கு இடம் வீணாகாது. மரங்களுக்கு இடையே சிறு பாத்திகள் பிரித்து, 15 நாட்களுக்கு ஒரு பாத்தியாகக் கீரை விதைத்து வந்தால் வீட்டிற்கு இடையறாமல் கீரை கிடைக்கும். வரப்பில் தட்டைப்பயறும் பச்சைப்பயறும் விதைக்கலாம். குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் மரங்களுக்குப் பாயட்டும். கீரைப் பாத்திக்கு நல்ல நீரே வேண்டும். குழந்தைக்கான இப்பாத்திகளில் பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டாம்.

அறுவடைக் காலத்தில் விதைக்கென நல்ல மணிகளை முதலில் ஒதுக்கி வைப்பது உழவரின் மரபு. அடுத்த பருவத்தைக் காப்பது அந்த விதை. அதனோடு குழந்தையின் பங்காக ஒரு மூட்டை கேழ்வரகும், இரண்டு படி பயறும், நாளைக்கு ஒரு பழமும் ஒதுக்கி வைத்த பின் மீதியை வண்டியில் ஏற்றலாம். இதனை இன்றே தொடங்கினால் நம் வீட்டுக் குழந்தைகள் வலியின்றி வளர்வர்.